திறப்புக்காரிக்கு என்ன நடந்தது

மடத்துவெளியில் எங்கள் வேலிக்கு அடுத்த வேலி பாமாவுடையது. முழுப்பெயர் சத்தியபாமா. என் கணவருக்கு ஒன்றுவிட்ட தங்கை, ஆகவே எனக்கு மச்சாள். ஐம்பதை எட்டிப் பிடிக்கப் போகிறாள், கலியாணம் கட்டவில்லை. இடுப்பில் எந்நேரமும் ஒரு திறப்புக் கோர்வை தொங்கும். அவள் வருவது கண்ணுக்குத் தெரியுமுன் காதுக்குத் தெரிந்துவிடும். கனடாக்காரர் வீடு, லண்டன்காரர் வீடு, பிரான்ஸ்காரர் வீடு, சுவிஸ்காரர் வீடு என்று, வெளிநாட்டுக்குப் போனவர்கள் பூட்டிவிட்டுப் போன வீடுகளின் சாவிகள், எங்கள் பேச்சில் திறப்புகள், அவை. புங்குடுதீவில் ஆள் இருக்கிற வீட்டைவிட ஆள் இல்லாத வீடுதான் அதிகம். பாமாவுக்கு வேலை குறைந்ததே இல்லை.

பூட்டிய வீடு சும்மா இருக்கும் என்று நினைப்பவர்கள் வீடு வைத்திருக்காதவர்கள். யன்னலைத் திறந்து காற்று விடாவிட்டால் சுவர் வேர்க்கும். கிணற்றை இறைக்காவிட்டால் தண்ணீர் நாறும். கறையானுக்கு லீவு கிடையாது. எல்லாவற்றுக்கும் மேலாக, வெள்ளிக்கிழமை பின்னேரம் சுவாமி அறையில் விளக்கு எரிய வேண்டும். விளக்கு வைக்காத வீட்டைப் பாழ்வீடு என்றுதான் ஊர் சொல்லும், அது நாலு மாடியாக இருந்தாலும். பாமா எல்லா வீட்டுக்கும் சைக்கிளில் போய், கூட்டி, இறைத்து, விளக்கு வைத்து, பிறகு கைபேசியை எடுத்து வீடியோ பிடித்து அனுப்புவாள். வார்த்தை மாறாத வீடியோ அது. "இது முன்பக்கம். இது குசினி. இது கிணத்தடி, தண்ணி நல்லாக் கிடக்கு. இது உங்கட மாமரம். எல்லாம் நல்லாயிருக்கு, ஒண்டுக்கும் யோசிக்காதேங்கோ." கையை மெதுவாக, ஒரு மூலை தவறாமல் சுழற்றுவாள். அந்த வீடியோக்கள் எதிலும் அவள் முகம் இருக்காது. திறப்புச் சத்தம் மட்டும் கேட்கும்.

ஒவ்வொரு வீட்டுச் சுவர் மணிக்கூட்டையும் அந்தந்த நாட்டு நேரத்துக்கு வைத்திருந்தாள். ஆட்கள் நித்திரையாக இருக்கும்போது அழைத்துத் தொல்லை கொடுக்கக் கூடாதாம். அதனால் காலையில் அவள் எங்கள் ஒழுங்கையைத் தாண்டிக் கனடா வீட்டுக்குள் போனால் அங்கே முதல்நாள் இரவு. அங்கிருந்து இரண்டு வளவு தள்ளி லண்டன் வீட்டுக்குப் போனால் விடியுமுன் இருட்டு. எங்கள் வீட்டுக்குத் தேத்தண்ணி குடிக்க வந்தால் வெயில். "நேரத்துக்குள்ளால பிரயாணம் போற கதையெல்லாம் எனக்குப் புதினமில்லை மச்சாள்," என்பாள். "நான் தினமும் சைக்கிளில போறனான்."

அவள் சொன்ன அந்தக் கதைகள்தான் இந்தக் கதை. பாமா வாசிப்பவள். அதுவும் சாதாரண வாசிப்பில்லை. மந்திரவாதிகளும் டிராகன்களும் விண்வெளிக் கப்பல்களும் வருகிற, ஒரு பாகத்தில் முடியாத, தலையணை மொத்தத்தில் உள்ள இங்கிலீசுப் புத்தகங்கள். சாதாரண தரப் பரீட்சையில் ஆங்கிலத்துக்குத் திறமைச் சித்தி எடுத்தவள். மிச்சத்தை அகராதியும் பிடிவாதமும் பார்த்துக்கொண்டன.

அந்தப் புத்தகங்கள் இந்தத் தீவுக்கு வந்துசேர்ந்ததற்கு மிளகாய்த்தூள்தான் காரணம். கோயில் திருவிழாவுக்கு வெளிநாட்டுப் பிள்ளைகள் வருவார்கள். இங்கே என்ன செய்வதென்று தெரியாமல் ஆளுக்கொரு மொத்தப் புத்தகத்தோடு மாமர நிழலில் கிடப்பார்கள். திரும்பிப் போகிற நாள் தாய்மார் பெட்டி கட்டுவார்கள். வறுத்த மிளகாய்த்தூள், ஒடியல் மா, பனாட்டு, கருவாடு எல்லாம் உள்ளே போன பிறகு பெட்டி தராசில் ஏறும். நிறை கூடிவிட்டால் எது வெளியே வரும்? மிளகாய்த்தூளா வரும்? பிள்ளை அழ அழப் புத்தகம் அலுமாரிக்குள் போகும். விமானம் பறந்த மறுநாள் பாமா வீட்டைக் கூட்டப் போவாள், அலுமாரியைத் துடைப்பாள், புத்தகத்தைக் கண்டெடுப்பாள். இப்படித்தான் ஆரம்பித்தது.

எனக்கு அந்தக் கதைகளில் நம்பிக்கை இல்லை. எனக்கு ரிவி நாடகம் போதும். அதில் மாமியார் என்றால் மாமியார், தலை மூன்று முளைக்காது. ஆனால் வேலி ஒன்றுதானே, அவள் சொல்லச் சொல்லக் காதில் விழும். கதையைவிட அவளுடைய தீர்ப்புகள்தான் கேட்கச் சுவையாக இருக்கும்.

தண்ணீர்தான் அவள் முதலில் பார்ப்பது. எங்கள் தீவில் நல்ல தண்ணீருக்குப் பவுசர் லொறி வர வேண்டும், அல்லது சைக்கிளில் கான் கட்டிக்கொண்டு நாலு கிணறு தேட வேண்டும். ஆகவே ஒரு எழுத்தாளர் புதிதாக ஒரு உலகத்தைக் கட்டினால் பாமா அங்கே கிணறு எங்கே என்று தேடுவாள். பாலைவனத்தில் பெரிய பட்டணம் கட்டி, ஆயிரம் குதிரையும் கட்டி வைத்து, தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று சொல்லாத ஒருவரை முதலாம் பாகத்தோடு தள்ளிவைத்தாள். டிராகன் வந்தால் அதற்குத் தீன் எங்கே என்று கேட்பாள். நெடுந்தீவு முழுக்க மாடு வளர்த்தாலும் ஒரு டிராகனுக்கு ஒரு மாசம் காணாதாம்.

செவ்வாயில் மனிதர் போய் ஊர் அமைக்கிற தொடர் ஒன்று கனடா வீட்டில் அகப்பட்டது. அதில் இரண்டு அத்தியாயம் முழுக்கத் தண்ணீருக்கு என்ன செய்தார்கள் என்றே இருந்ததாம். அந்த எழுத்தாளரை மனுசன் என்றாள். ஆனால் அதே புத்தகத்தை மூடிவைத்துவிட்டு அன்றைக்கு வேலிக்கு மேலால் என்னிடம் சொன்னதை நான் மறக்கவில்லை. "எட்டில செவ்வாய் எண்டு சொல்லி என்னை வீட்டில இருத்திப்போட்டினம், மச்சாள். இவங்கள் அந்தச் செவ்வாயிலையே போய் வீடு கட்டிக் குடும்பம் நடத்துறாங்கள்." சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். நான்தான் சிரிக்க முடியாமல் உள்ளே போய்விட்டேன். அவளுக்கு வந்த இரண்டு நல்ல சம்பந்தங்களும் செவ்வாய்க் குற்றத்தால் நின்றவை. அதனால்தானோ என்னவோ, கதையில் குறி சொல்கிறவர் வந்து, இந்தப் பிள்ளை ஒருநாள் அரசனாவான் என்று சொல்லிவிட்டால் பாமா அந்தப் புத்தகத்தை நம்ப மாட்டாள்.

தொடர்கள் நீளுவதும் அவளுக்குப் பிடிக்காது. விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்றது சும்மாவா, புத்தகமும் மூன்றோடு நிற்க வேண்டும் என்பாள். மூன்றில் முடிக்க முடியாதவர் சொல்ல ஒன்றுமில்லாதவர் அல்லது சொல்லி முடிக்கப் பயந்தவர். அப்படிச் சொன்னவள்தான் ஐந்து பாகத் தொடர் ஒன்றில் காலை வைத்து, பத்து வருசத்துக்கு மேல் அதிலிருந்து எழும்பாமல் கிடந்தாள். நான் அதைச் சொல்லிக் காட்டினால், அது வேறு என்பாள்.

எப்படி வேறு என்று சொல்கிறேன். பாமாவுக்கு இந்தக் கதைகள் எல்லாவற்றிலும் ஒரு பெரிய மனக்குறை இருந்தது. எந்தத் தொடரை எடுத்தாலும் முதல் அத்தியாயத்தில் ஒரு பெடியன் வீட்டை விட்டுப் போவான். உலகத்தைக் காப்பாற்றுவான், நட்சத்திரத்துக்குப் போவான், எல்லாம் செய்வான். ஆனால் அவன் விட்டுப்போன வீட்டுக்கு என்ன நடந்தது? யன்னலை ஆர் சாத்தினது? மழைக்கு ஆர் ஓடு மாத்தினது? ஆயிரம் பக்கம் எழுதுகிறவர் அதற்கு ஒரு வரி எழுத மாட்டாராம். ஊரே போய்விட்டு அவள் மட்டும் விளக்கு வைத்துக்கொண்டிருந்தால் அந்தக் கேள்விதான் வரும் என்று எனக்கு அப்போது விளங்கவில்லை. விசர்க் கேள்வி என்று நினைத்தேன்.

இந்த ஐந்து பாகத் தொடர் அந்தக் கேள்விக்குக் காது கொடுத்தது. உப்பு விளைகிற ஒரு நாட்டில் ஒரு பெடியன். பேர் என் வாய்க்கு வராது. எதிரிகள் குதிரையில் வருகிறார்கள், அவன் ஓட வேண்டும். ஓடுகிற ஓட்டத்தில் ஊர் எல்லையில் இருக்கிற ஒரு பெண்ணிடம் தன் வீட்டுத் திறப்பைக் கொடுத்து, "பார்த்துக்கொள், வந்துவிடுவேன்" என்கிறான். அவள் தலையாட்டுகிறாள். மூன்று வரி. அந்தப் பெண்ணுக்குப் பேர்கூட இல்லை. பாமா அவளுக்குத் திறப்புக்காரி என்று பேர் வைத்தாள். அந்த மூன்று வரியை எனக்கு எத்தனை தரம் வாசித்துக் காட்டியிருப்பாள் என்று கேட்காதீர்கள்.

அந்தத் தொடர் ஒரு காலத்தில் எல்லா நாட்டுப் பிள்ளைகளுக்கும் அம்மாள் வருத்தம் தொற்றுவது போல ஒரே நேரத்தில் வந்திருக்கிறது. ஆகவே பாகங்கள் ஊராட்களைப் போலவே வீடு வீடாகச் சிதறிக் கிடந்தன. முதலாவது கனடா வீட்டில், இரண்டாவது லண்டன் வீட்டில். இரண்டாவதில் திறப்புக்காரியைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. பாமா பொறுத்தாள். மூன்றாவது பிரான்ஸ்காரர் வீட்டில் கிடைத்தது. கிடைத்து என்ன, அது பிரெஞ்சில் இருந்தது. வீட்டுக்காரியிடம் சொல்லி, வீட்டுக்காரி மகளிடம் சொல்லி, அந்தப் பிள்ளை கதையைச் சொல்லி மூன்று குரல் செய்தி அனுப்பியது. போனார்கள், சண்டை பிடித்தார்கள், பாதிப் பேர் செத்தார்கள். அறுநூறு பக்கம் மூன்று நிமிசத்தில் முடிந்தது. திறப்பு வைத்திருந்த பெண்ணைப் பற்றி ஏதும் வந்ததா என்று பாமா திருப்பிக் கேட்டாள். அது யார் என்று கேட்டு ஒரு செய்தி வந்தது. அன்றைக்குப் பாமா என்னோடு கதைக்கவில்லை, நான் என்ன செய்தேன் என்று எனக்குத் தெரியாது.

நாலாவது மறுபடி லண்டன் வீட்டில், இங்கிலீசில். அதில் பெடியன் பனி மலை ஒன்றைக் கடக்கும்போது கழுத்தைத் தடவிப் பார்க்கிறான். திறப்புக் கயிறு கிடந்த இடம் வெறுமையாக இருக்கிறது. அவள் விளக்கு வைத்திருப்பாளா என்று ஒரு கணம் நினைக்கிறான். அந்த வரியைக் கண்ட அன்று பாமா பாயசம் வைத்து எனக்கும் ஒரு கிண்ணம் தந்தாள். "நினைச்சிட்டான், மச்சாள்," என்றாள். ஏலக்காய் கொஞ்சம் கூடிவிட்டது, ஆனால் நான் குறை சொல்லவில்லை.

அந்த மலையைப் பற்றியும் சொல்ல வேண்டும். பாமா ஒரு மலையைக் கண்ணால் கண்டதில்லை. எங்கள் தீவு தட்டில் வார்த்த கஞ்சி. ஒரு மேடு கிடையாது. பள்ளிக்கூடத்தில் மலைநாட்டுச் சுற்றுலா போனபோது அவளுக்குக் காய்ச்சல். பிறகு சண்டை, இடப்பெயர்வு. பிறகு திறப்புகள். ஊரில் வான் பிடித்து நுவரெலியாவுக்கு ஆட்கள் போகும்போதெல்லாம் அவளையும் கேட்பார்கள். வெள்ளிக்கிழமை விளக்கு ஆர் வைப்பது என்பாள். அவள் வாசித்த அத்தனை கதைகளிலும் மலை வந்தது. நான் கலியாணம் கட்டிய புதிதில் மலைநாட்டில், பண்டாரவளையில், மாமாவின் கடைக்குப் போய் இரண்டு வருசம் இருந்தவள். மலை எப்படி இருக்கும் என்று என்னைக் கேட்பாள். பெரிசாக இருக்கும் என்பேன். எவ்வளவு பெரிசு, நயினாதீவு அம்மன் கோயில் கோபுரத்தை எத்தனை தரம் அடுக்கினால் வரும் என்பாள். அப்படி அடுக்கேலாது என்பேன். அவள் என்னைப் பாவமாகப் பார்ப்பாள். கண்டும் சொல்லத் தெரியாதவள் என்று அர்த்தம்.

ஐந்தாவது பாகம், கடைசிப் பாகம், சுவிஸ்காரர் வீட்டு அலுமாரியில் கிடந்தது. ஜெர்மன் மொழியில்.

யாழ்ப்பாணத்துப் புத்தகக் கடைகளில் இங்கிலீசில் கேட்டாள், இல்லை. லண்டன்காரரிடம் சொல்லிவிட்டாள், அவர்கள் வருவதாக இருந்த வருசம் கொரோனா வந்தது, அடுத்த முறை வந்தபோது சொக்கிலேற்றும் சவர்க்காரமும் கொண்டுவந்தார்கள். இன்னொரு தரம் கேட்க அவளுக்கு வெட்கம். இணையத்தில் கதைச் சுருக்கம் பார்த்தாள். யார் அரசன், யார் செத்தார்கள், எல்லாம் இருந்தது. "இறுதியில் அவன் தன் வீட்டுக்குத் திரும்புகிறான்" என்றும் இருந்தது. திறப்புக்காரி அதில் இல்லை. சுருக்கம் எழுதுகிறவர்கள் எப்போது அவளைப் போன்றவர்களை எழுதினார்கள்.

கடைசியில், செய்யவே கூடாது என்று வைத்திருந்த ஒன்றைச் செய்தாள். கைபேசியைக் கடைசிப் பக்கத்துக்கு மேல் பிடித்து, தமிழாக்கச் சொன்னாள். சுவிஸ் வீட்டில் சிக்னல் வந்து வந்து போகும். திரையில் தமிழ், உருவேறியவர் வாயிலிருந்து வருகிற மாதிரி வந்தது. "கதவு. பெண் இல்லை. ஆணி." அவ்வளவுதான். அதற்குப் பிறகு பாமா நாலு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. பெட்டியில் அடிக்கிற ஆணியோ, மச்சாள், என்று என்னைக் கேட்டாள். ஒரு கதைக்காக இப்படியா என்று நான் ஏசினேன். "அவள் செத்துப்போனாள் எண்டால், அத்தனை வருசமும் அவள் விளக்கு வைச்சது ஆருக்கு?" என்று கேட்டாள். அவள் யாரைப் பற்றிக் கேட்கிறாள் என்று அப்போதுதான் எனக்கு மெல்ல விளங்கியது.

சுவிஸ்காரரின் மகள் துஷாந்தினி போன சோளகக் காற்றுக் காலத்தில் தனியாக வந்து இறங்கினாள். அங்கே முதியோர் இல்லம் ஒன்றில் வேலை. களைத்துப்போய், இரண்டு மாதம் லீவு எடுத்து, தகப்பன் வளர்ந்த வீட்டில் சும்மா இருக்க வந்திருந்தாள். பாமா முதல்நாள் அவளுக்குப் புட்டும் மீன் குழம்பும் கொடுத்தாள். இரண்டாம் நாள் புத்தகத்தைக் கொடுத்தாள்.

அந்தப் பிள்ளை புத்தகத்தைக் கண்டதும் நிலத்தில் குந்திவிட்டாள். பதின்மூன்று வயதில் அவள் கொண்டுவந்த புத்தகம் அது. தாய் மிளகாய்த்தூளுக்கு இடம் விடுவதற்காகப் பெட்டியிலிருந்து எடுத்து வைத்தது. நடுவுக்குச் சற்றுத் தள்ளி மிட்டாய் சுற்றிய ஒரு ரொபித் தாள் அடையாளமாக இன்னும் செருகியிருந்தது. அவளும் முடிவை வாசித்ததில்லை. கோபத்தில் பிறகு அந்தத் தொடரையே தொடவில்லையாம்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு பின்னேரமும் சுவிஸ் வீட்டு விறாந்தையில் வாசிப்பு. துஷாந்தினி சாய்மனைக் கதிரையில் இருந்து, ஜெர்மனில் ஒரு பந்தி தனக்குள் வாசித்து, பிறகு அதைத் தமிழில் சொல்வாள். சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்துத் தமிழ். சொல் வராத இடத்தில் கையை ஆட்டுவாள். பாமா சொல்லை எடுத்துக் கொடுப்பாள். நான் கேட்கப் போகவில்லை. முருங்கை இலை ஆயப் போனேன். என் வீட்டிலும் ஆயலாம்தான், ஆனால் அங்கே காற்று நன்றாக வரும்.

அந்தப் பின்னேரங்களை நினைத்தால் இப்போதும் பாதி நித்திரையில் கண்டது போல இருக்கிறது. சுவரில் மணிக்கூடு சுவிஸ் நேரத்தைக் காட்டிக்கொண்டிருக்கும். வெளியே பனைகள் இரைய, கடல் எந்தப் பக்கம் இருக்கிறதென்று தெரியாமல் எல்லாப் பக்கமும் கேட்கும். கதையில் பனி கொட்டும். முருங்கை இலையை உருவிக்கொண்டே நான் அந்தப் பனிக்குள் நடந்து போய்விடுவேன், கால் குளிரும். பெடியன் ஒரு பாழடைந்த கோட்டையில் தன் கூட்டாளியைப் புதைத்த அன்று நாங்கள் மூன்று பேரும் வெகுநேரம் எழும்பவில்லை. ரிவியில் என் நாடகம் போய்க்கொண்டிருந்தது. யாருக்கு யார் நஞ்சு வைத்தார்கள் என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது.

கடைசி அத்தியாயம் வந்தது. பாமா அன்றைக்கு முழுகி, சீலை மாற்றிக்கொண்டு வந்திருந்தாள். துஷாந்தினி வழமையைவிடக் கனநேரம் தனக்குள் வாசித்தாள். ஒரு பக்கத்தைத் திருப்பினாள், மறுபடி முன்னுக்குத் திருப்பினாள். பிறகு புத்தகத்தைப் பார்க்காமல் எங்களைப் பார்த்துச் சொல்லத் தொடங்கினாள். பெடியன் வீட்டுக்கு வருகிறான். கதவைத் தட்டுகிறான். திறப்புக்காரி கதவைத் திறக்கிறாள், கிழவியாகிவிட்டாள். அவன் அவளுடைய கையைப் பிடித்து, நீ செய்ததற்கு நன்றி சொல்ல எனக்கு வார்த்தை இல்லை என்கிறான். இருவரும் விளக்கடியில் இருந்து சாப்பிடுகிறார்கள். முற்றும்.

எனக்குக் கண் கலங்கிவிட்டது. பாமா மெதுவாகச் சொன்னாள்:

"பிள்ளை, அப்பிடி எழுதியிராது."

"ஏன் அன்ரி?"

"நாலு புத்தகத்தில இந்த மனுசன் ஒருத்தரையும் நன்றி சொல்ல விடேல்லை. உயிரைக் காப்பாத்தினவைக்கே சொல்ல விடேல்லை. கடைசிப் பக்கத்தில மட்டும் விடுவாரே? நீர் நல்ல பிள்ளை. உள்ளதை வாசியும். நான் தாங்குவன்."

துஷாந்தினியின் முகம் சிவந்தது. அவள் புத்தகத்தைக் கிட்டப் பிடித்து, இந்த முறை விரலை வைத்து, வரி வரியாகச் சொன்னாள்.

அவன் வந்தான். கதவு சாத்தியிருந்தது, பூட்டியிருக்கவில்லை. உள்ளே பெண் இல்லை. நிலம் கூட்டியிருந்தது. யன்னல்கள் கொளுவிச் சாத்தியிருந்தன. விளக்கு துடைத்து, புதுத்திரி போட்டு, எண்ணெய் விட்டு, கொளுத்தாமல் இருந்தது. திறப்பு ஆணியில் தொங்கியது. அயலில் கேட்டான். மலைப்பக்கம் போனாள் என்றார் ஒருவர், கடல்பக்கம் என்றார் இன்னொருவர். ஒருவருக்கும் தெரியாது. அவன் திரும்பி வந்து விளக்கைக் கொளுத்தினான். வாசற்படியில் இருந்து அவளுக்காகக் காத்திருந்தான். அத்தோடு ஐந்து பாகமும் முடிந்தது.

எனக்கு அந்த எழுத்தாளர் மேல் கோபம் கோபமாக வந்தது. இதற்கா இத்தனை வருசம் என்று கேட்க வாயெடுத்தேன். பாமா முந்திக்கொண்டாள்.

"நிலத்தில தூசி இருந்ததெண்டு போட்டிருக்கோ?"

துஷாந்தினி தேடிப் பார்த்தாள். இருந்தது. அவன் நடந்தபோது அடி பதிகிற அளவுக்கு, மெல்லிய தூசி.

"மெல்லிசோ?" என்றாள் பாமா. கண்ணை மூடி யோசித்தாள். அவளுக்குத் தூசி தெரியும். அது அவளுடைய தொழில். "அடி பதியிற மெல்லிய தூசி எண்டால், சாத்தின வீட்டில ஒரு கிழமை. கூடினால் பத்து நாள். அவ்வளவு காலமும் இருந்துபோட்டு, இப்பதான் போயிருக்கிறாள்."

பிறகு சிரித்தாள். சிரித்துக்கொண்டே அழுதாள். அழுதாள் என்று நான் எழுதியதைக் கண்டால் சண்டைக்கு வருவாள், ஆனால் அழுதாள். நான் அவளுடைய முதுகைத் தடவினேன். கோர்வையில் திறப்புகள் குலுங்கின.

"அவள் சாகேல்லை, மச்சாள்," என்றாள். "ஆணி எண்டது அந்த ஆணிதான்."

மறுநாள் காலை திறப்புச் சத்தம் கேட்கவில்லை. எனக்கு அது பெரிய பயமாகிவிட்டது. வேலியைச் சுற்றி ஓடிப் போனால் வீட்டில் ஆள் இல்லை; தேடிப் போனால், பாமா சுவிஸ் வீட்டுக் குசினியில் நிற்கிறாள். கோர்வையை மேசையில் துஷாந்தினிக்கு முன்னால் வைத்திருக்கிறாள். எந்தத் திறப்பு எந்த வீடு, எந்தக் கிணற்றில் வாளி ஓட்டை, எந்த மணிக்கூடு பிந்தி ஓடும் என்றெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறாள். அந்தப் பிள்ளை திகைத்துப்போய்த் தலையாட்டிக்கொண்டிருந்தது.

"எங்கை போறாய்?" என்று கேட்டேன்.

"மலை பாக்க. உங்கட பண்டாரவளை ஆக்களுக்கு ஒருக்காச் சொல்லிவிடும்."

"வெள்ளிக்கிழமை விளக்கு?"

பாமா என்னை நிமிர்ந்து பார்த்தாள். வாழ்நாள் முழுக்க அவள் சொன்ன சாக்குப்போக்கை நான் எடுத்து அவளிடமே நீட்டியது எனக்கே பிறகுதான் உறைத்தது. "போனவை வந்திருக்கினம்தானே," என்றாள். "இனி அவை வைக்கட்டும். நான் போட்டு வாறன்."

அவள் பழைய பயணப் பை ஒன்றோடு பஸ் ஏறினாள். புத்தகம் ஒன்றும் கொண்டுபோகவில்லை. வாசிப்பதற்கு நேரம் இராது என்றாள். துஷாந்தினியும் நானும் சந்தி வரை போய் வழியனுப்பினோம். எத்தனை பேரை வழியனுப்பிய ஊர் இது, அவளை யாரும் இதுவரை வழியனுப்பியதில்லை. திரும்பி வரும்போது கோர்வை துஷாந்தினியின் கையில் இருந்தது; அவளுக்கு அதைச் சத்தமில்லாமல் பிடிக்கத் தெரியவில்லை.

அந்தக் கிழமை முழுக்க நாங்கள் இரண்டு பேரும் வீடு வீடாகத் திரிந்தோம். பிள்ளைக்குக் கிணறு இறைக்கத் தெரியாது, எனக்கு வீடியோ பிடிக்கத் தெரியாது. கனடாக்காரருக்கு நாங்கள் அனுப்பிய முதல் வீடியோவில் என்னுடைய கால்தான் கூடுதலாக இருந்ததாம். பாமாவுக்குச் சுகமில்லையா என்று கேட்டு எல்லா நாட்டிலிருந்தும் அழைப்பு வந்தது. மலை பார்க்கப் போயிருக்கிறாள் என்றேன். அவளுக்கு மலை பார்க்க ஆசை என்று அவர்களில் ஒருவருக்கும் தெரியாது.

வெள்ளிக்கிழமை பின்னேரம் என் கைபேசிக்கு ஒரு வீடியோ வந்தது. துஷாந்தினியும் நானும் தலையை முட்டிக்கொண்டு பார்த்தோம். பச்சையாக, நீலமாக, அதற்குப் பின்னால் இன்னும் மெல்லிய நீலமாக மலைகள். கை வழமை போல மெதுவாக, ஒரு மூலை தவறாமல் சுழன்றது. பாமாவின் குரல், கொஞ்சம் மூச்சு வாங்கி:

"இது முன்பக்கம். இது பின்பக்கம், அங்காலையும் மலைதான். இது மேல்பக்கம், முகில் மூடிக்கிடக்கு, பிறகு காட்டுறன். தண்ணி தானா ஓடுது, ஒருத்தரும் இறைக்கேல்லை. கோபுரக் கணக்குச் சரிவராது, மச்சாள், நீர் சொன்னது சரி. எல்லாம் நல்லாயிருக்கு. ஒண்டுக்கும் யோசிக்காதேங்கோ."

பிறகு கை தடுமாறி, படம் ஒருமுறை ஆடி, கைபேசி திரும்பியது. குளிருக்குத் தலையில் துவாய் கட்டிய பாமாவின் முகம் திரை நிறைய இருந்தது.

நாங்கள் அதை மூன்று தரம் பார்த்தோம். பிறகுதான் வெள்ளிக்கிழமை என்று நினைவு வந்து, திறப்புகளை எடுத்துக்கொண்டு விளக்கு வைக்க ஓடினோம்.